வெள்ளத்தில் வந்தவள்

பள்ளிபாளையத்துப் பரிசல்காரர் தங்கமுத்துவின் மனைவி குஞ்சம்மாளுக்கு ஒரு மகளைக் கொடுத்தது காவிரிதான். இருபத்துநாலாம் வருஷத்துப் பெருவெள்ளத்தில் ஒரு கூரை அப்படியே மிதந்து வந்தது. அதன் முகட்டைப் பற்றிக்கொண்டு, அழக்கூடத் தெம்பில்லாமல், ஒரு பெண் குழந்தை. பரிசலை இறக்க வேண்டாம் என்று கரையில் நின்றவர்கள் கத்தினார்கள்.

"நீங்க துடுப்பைப் போடுங்க, நான் எட்டிப் புடிக்கறேன்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டுக் குஞ்சம்மாள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

குழந்தைக்கு ஊர் பேர் சொல்லத் தெரியவில்லை. விசாரித்தும் யாரும் வரவில்லை. பிள்ளையில்லாத அந்த வீட்டில் அவள் பாவாயி ஆனாள். தன்னை விழுங்கப் பார்த்த ஆற்றிலேயே வளர்ந்தாள். நாணலுக்குள் நீர்நாய் குட்டி போட்டிருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். கரையேறச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே குஞ்சம்மாளுக்குத் தொண்டை கட்டிப்போகும்.

பாவாயிக்குப் பத்து வயது நடக்கும்போது ராசிபுரம் பக்கத்திலிருந்து மயிலம்மாள் என்றொரு பெண் வந்தாள். வெள்ளத்தில் வீடும் பிள்ளையும் போனபின், ஆற்றுப் பக்கமே வேண்டாமென்று மேட்டுக்காட்டுக்குக் குடிபோனவள். பரிசல்காரர் வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சந்தையில் கேள்விப்பட்டு நடந்தே வந்திருந்தாள்.

"ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு இடது காதுக்குப் பின்னால மச்சம் இருக்குதுங்களா?"

தங்கமுத்து மனைவியைப் பார்த்தார். இல்லையென்று சொல்லிவிடு என்றது அந்தப் பார்வை. பாவாயி அப்போது ஆற்றில் இருந்தாள். ஒரு சொல் போதும், வந்தவள் திரும்பிவிடுவாள். தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் அந்த மச்சத்தைத் தொட்ட கை குஞ்சம்மாளுடையது. வந்தவளின் பாதங்கள் வெடித்து ரத்தம் கசிந்திருந்ததை அவள் பார்த்தாள்.

"இருக்குதுங்க" என்றாள்.

பாவாயி போகமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டாள். அவள் கையைப் பிரித்துவிட்டவளும் குஞ்சம்மாள்தான்.

"நீதானே என்னையக் குடுத்த? தொடாத" என்றாள் பிள்ளை. அதன்பின் அழவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

ஆடி நோம்பிக்கு அனுப்புகிறேன் என்று சொல்லிப் போன மயிலம்மாள், "புள்ள வரமாட்டேங்குதுங்க" என்று ஆள்மூலம் சொல்லிவிட்டாள். கல்யாணச் சேதிகூடக் கல்யாணம் முடிந்த பிறகுதான் வந்தது. பாவாயிக்குக் குழந்தை பிறந்து ஆறு மாசமாகிவிட்டதாகக் கேள்விப்பட்டதும் குஞ்சம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாவாயி ஆசையாகத் தின்னும் கெளுத்திக் கருவாட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பாவாயி வாழ்க்கைப்பட்ட ஊரில் கண்ணுக்கெட்டிய மட்டும் சோளக்காடு. பாவாயி இடுப்பில் குழந்தையோடு கிணற்றடியில் நின்றிருந்தாள்.

"யாரது?" என்று உள்ளேயிருந்து மாமியார் கேட்டாள்.

"ஆத்தோரத்துல தெரிஞ்சவங்க" என்றாள் பாவாயி. பிறகு குஞ்சம்மாளிடம், "உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா?" என்றாள்.

கருவாட்டுப் பொட்டலத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுக் குஞ்சம்மாள் வாங்கிக் குடித்தாள். குழந்தையைச் சற்று நேரம் மடியில் வைத்திருந்தாள். பொழுதோடு போகவேண்டும் என்று எழுந்தபோது பாவாயி வேலிவரை வந்தாள். அங்கே நின்று குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

வீட்டில் தங்கமுத்து கேட்டார். "புள்ள எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுக் குஞ்சம்மாள் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். அதன்பின் இருவருமே அந்தப் பக்கம் போகவில்லை.