ஆயிரத்து அறுநூறு கிராம்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு "மறுபடி" என்று பேர். யார் எந்தக் கணக்கைக் கொண்டுவந்து நீட்டினாலும், "மறுபடி ஓட்டிக் காட்டுங்க" என்பாள். இப்போது சிரித்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள். அந்தப் பேர் வந்த கதையைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வராது.

மூன்றாவது மாடியில், மருந்து வைக்கிற பிரிட்ஜ் நாள் முழுக்க உறுமுகிற அறை. அங்கே உட்கார்ந்து, குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளின் எடையையும் வீடு போன பின் அவை தேறினவா என்பதையும் கம்ப்யூட்டரில் ஆராய்வது அவள் வேலை. எந்த எடை வந்தால் பிள்ளையைத் தாயோடு அனுப்பலாம்? ஆயிரத்து அறுநூறு கிராம் என்றது அவர்கள் ஆராய்ச்சி. அதைக் கொட்டை எழுத்தில் அடித்து வார்டு சுவரில் ஒட்டியும் ஆயிற்று.

ஒரு திங்கட்கிழமை காலை வார்டின் தலைமை நர்ஸ் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். இரண்டு வாரத்தில் மூன்று பிள்ளைகள் உடம்பு சில்லிட்டுத் திரும்பி வந்துவிட்டனவாம். நாற்காலியைக் காட்டினாள், அவர் உட்காரவில்லை.

"உங்க கணக்கு சரியாம்மா? அத மட்டும் சொல்லுங்க."

வார்டு கொடுத்த, யார் கையும் படாத மூலப் பைலிலிருந்து கணக்கை மறுபடி தொடங்கினாள். ஆயிரத்து எண்ணூறு வந்தது. தலைகீழாக நின்றும் ஆயிரத்து அறுநூறு வரவில்லை. நடுவில் என்னென்ன செய்தோம் என்று எங்காவது எழுதி வைத்திருந்தால்தானே? "கடைசி", "நிஜக் கடைசி", "இதுதான் கடைசி" என்று பதினேழு பைல்கள் பல்லிளித்தன.

கோபமெல்லாம் முன்பு பக்கத்து மேசையில் வேலை பார்த்த, அவள் அக்கா என்று கூப்பிடுகிறவள் மேல் பாய்ந்தது; அவள் கைவைத்துத்தான் கணக்குக் கெட்டிருக்கும். அரை வருஷத்துக்கு முன் ஏதோ எண் இடிக்கிறது என்று அக்கா கிளறியதற்கு, கவனமில்லாதவள் என்று ஆராய்ச்சித் தலைவர் அவளை வேலையை விட்டே அனுப்பிவிட்டார். அன்றைக்கு இவளும் தலையாட்டினாள்.

அக்காவின் குட்டை உடைக்கத்தான் அத்தனை பாடும் பட்டாள். கையால் செய்ததையெல்லாம் கம்ப்யூட்டரே செய்யும்படி புரோகிராம் கோடாக எழுதினாள். எதை மாற்றினாலும் யார், என்றைக்கு, எதற்கு என்று பதிந்துகொண்டே போனாள். நடுவில் ஒரு காவலும் போட்டாள். ஒரு பிள்ளையின் எண்ணுக்கு நேரே அந்தப் பிள்ளையின் எடை இல்லாவிட்டால் கோடு அங்கேயே நின்றுவிடும். பதினேழு பைல்களையும் வரிசையாக உள்ளே விட்டாள். ஆறு கடந்தன. ஏழாவதில் நின்றது.

எடைகளை மட்டும் யாரோ சிறிசு பெரிசாக அடுக்கியிருந்தார்கள். பக்கத்துக் கட்டங்கள் அவற்றோடு சேர்ந்து நகரவில்லை. ஒரு பிள்ளையின் எடை இன்னொன்றின் தலையில். பிறகு தேதிவாரியாக அடுக்கியதில் அந்தத் தடயமும் போயிற்று. சேமித்தவர் பேர் பைலிலேயே இருந்தது. அக்கா பேர் அல்ல, அவளுடைய சொந்தப் பேர்.

தன் கையையே வெட்டிப் போடலாம் போல இருந்தது. தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். கட்டுரை வெளியாகிவிட்டது, அடுத்த ஆய்வில் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாம் என்றார்.

"பழி ஏற்கெனவே போனவ மேல கெடக்கு. அங்கேயே இருக்கட்டும். உன் பேரும் கெடாது."

"அதுவரைக்கும் எத்தன பிள்ளைங்கள அனுப்புவீங்க, சார்?"

பதிலுக்கு நிற்காமல் வார்டுக்கு இறங்கினாள். சுவரிலிருந்த தாளைக் கிழித்தாள். தலைமை நர்ஸ் கையைப் பிடித்தார். தப்பு தன்னுடையது, பழி அக்கா மேல் விழுந்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். நர்ஸ் கையை விட்டுவிட்டார்.

"அவகிட்ட சொல்லிட்டியா நீ?"

மாடிப்படியில் நின்று போன் போட்டாள். அக்கா முழுக்கக் கேட்டுக்கொண்டாள். அழுதாளா, திட்டினாளா என்றால் இரண்டும் இல்லை.

"உன் வாய்ப்பேச்சு எனக்கு வேணாம்டி. பிள்ளைங்க பேர மட்டும் நீக்கிட்டு மூலப் பைலையும் கோடையும் அனுப்பு. என் மெஷின்ல ஓடட்டும், அப்புறம் பாப்போம்."

அது ஓடி முடியும்வரை ஒரு பிள்ளையும் வீட்டுக்குப் போகாது என்று நர்ஸ் வார்டு வாசலிலேயே சொல்லிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் செய்தி வந்தது. 1800. அவ்வளவுதான். நல்லா இருக்கியா என்றுகூட இல்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில், தவறு செய்தவர் என்று தன் பேரை எழுதினாள். மறுபடி ஓட்டிச் சரிபார்த்தவர் என்று அக்காவின் பேரை எழுதினாள். கையெழுத்துக்காகத் தலைவர் முன்னால் வைத்தாள். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.