கோமதி இன்னும் கதவைத் திறக்கவில்லை

புத்தகம் கொடுக்க வருகிறவள் அதன் முடிவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகிற ஊருக்கு நான் வந்து சேர்ந்திருக்கிறேன். சனிக்கிழமைதோறும் எங்கள் கேட்டுக்கு முன்னால் ஸ்டெல்லாவின் ஸ்கூட்டர் வந்து நிற்கும். இங்குள்ளவர்கள் வாயனசாலை என்று சொல்லும் ஊர் நூலகத்திலிருந்து பெண்களுக்கு வீடு வீடாகப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. நம் பக்கத்தில் பால் வரும், கீரை வரும், கோலப்பொடி வரும். இங்கே வாசலுக்கு நாவல் வருகிறது. வந்த முதல் வாரமே என் கையில் ஒன்றைத் திணித்துவிட்டு ஸ்டெல்லா சொன்னாள்:

“தமிழ் புக்காக்கும் அம்மச்சி. கடைசில அந்தப் பெண்ணு செத்துப் போவும். நல்ல நாவல்.”

“ஏ தாயி, அவ செத்துட்டான்னு நீ இப்பவே சொல்லிட்டா, நான் எதுக்கு இத்தனை பக்கம் அவ பின்னால நடக்கணும்?”

“எப்படிச் செத்தான்னு தெரியண்டாமா?” என்று அவள் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கேட்டது ஞாயமான கேள்வி என்று அவளுக்கு நினைப்பு. அந்தப் புத்தகத்தை நான் தொடவில்லை. அடுத்த வாரம் வேறொன்று கேட்டு வாங்கினேன், அவள் வாயைத் திறக்குமுன் கேட்டை அடைத்துவிட்டேன்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல்காட்டில் பிறந்தவள் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனேன். மகளை இங்கே கேரளத்தில், குன்னத்துகாலுக்கு உள்ளே ஒரு சின்ன ஊரில், கட்டிக்கொடுத்தோம். அவள் நெய்யாற்றின்கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருமகன் ரப்பர் ஷீட் வியாபாரம். என் வீட்டுக்காரர் காலமானதும் மகள் வந்து என்னையும் என் டிரங்குப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு பகல் பயணம்தான், ஆனால் வந்து இறங்கியது வேறு தேசம். தமிழ்நாட்டிலிருந்து வந்த என்னை இங்கே பாண்டிக்காரி என்கிறார்கள். எங்கள் ஊரில் நின்ற இடத்திலிருந்து அடுத்த ஊர்க் கோபுரம் தெரியும். இங்கே ரப்பரும், மரச்சீனி என்கிற மரவள்ளியும் மறைத்து, பக்கத்து வீடு எங்கே இருக்கிறதென்று மீன் பொரிக்கிற வாசனையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எல்லையோர ஊர் என்பதால் பேசுவது தமிழ். படிப்பது மட்டும் மலையாளம். தமிழ் எழுத்து இங்கே பலருக்கும் தெரியாது. எனக்கு மலையாள எழுத்து தெரியாது. தமிழையும் நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆகும். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. விறுவிறுவென்று படிப்பவர்கள் கதைக்குள் பஸ்ஸில் போகிறார்கள், நான் நடந்து போகிறேன். இந்தக் கட்டுரையையும் அப்படித்தான் எழுதுகிறேன். மகள் பிழை திருத்தினாள். சொல்லைத் திருத்த நான் விடவில்லை.

வாயனசாலையில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கூட்டம். பால் விடாத கட்டன் சாயாவும் பருப்பு வடையும் உண்டு. ஒவ்வொருத்தியாக எழுந்து, இப்போது என்ன நாவல் படிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சும்மா பெயரைச் சொன்னால் போதாது. யார் பிறந்தார், யார் ஓடிப்போனார், யார் தூக்கு மாட்டிக்கொண்டார் என்று அடிமுதல் நுனிவரை சொல்லி, அதிலிருந்து என்ன படித்துக்கொண்டோம் என்றும் சொன்னால்தான் கைதட்டல். யார் நன்றாகச் சொன்னார்கள் என்று தீர்ப்புச் சொல்பவர் லிசி டீச்சர். ஓய்வு பெற்றவர். இளவயதில் நாகர்கோவிலில் டீச்சர் டிரெயினிங் படித்ததால் தமிழும் வாசிப்பார். அவர் தலையாட்டினால் அந்த மாதம் முழுக்க அந்தப் பெண்ணின் நடையே வேறுமாதிரி இருக்கும்.

என் முறை வந்தது. நான் படித்துக்கொண்டிருந்த நாவலைச் சொன்னேன். கோமதி என்று ஒரு பெண். கல்யாணத்தன்று காலையில் மாலை வாங்கிவருகிறேன் என்று போன மாப்பிள்ளை திரும்பவில்லை. வருஷங்கள் ஓடின. கோமதி தையல் கற்று, தம்பிகளைக் கரையேற்றி, கடைசியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். விடிந்தால் கல்யாணம். அந்நேரம் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தால் ஒரு கையும், அந்தக் கையில் ஒரு மாலையும் மட்டும் தெரிகிறது. இவ்வளவு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

“பிறகு?” என்றாள் என் பக்கத்து வீட்டுச் சரோஜினி. வாயனசாலை செக்ரட்டரியின் மனைவி அவள்.

“பிறகு கதவு.”

“தொறந்தாளா?”

“நான் இன்னும் அங்க போய்ச் சேரல.”

கூட்டம் முழுக்க ஒரு பரிதாப மூச்சு விட்டது. லிசி டீச்சர் கனிவாகச் சொன்னார்: “சாரமில்ல, பரவாயில்ல. பிராயம் ஆச்சில்லியா. முழுவனும் வாயிச்சிட்டு வந்து சொன்னா மதி, போதும்.” சரோஜினி தன் வடையை என் பக்கம் நகர்த்தி, “மறந்து போச்சா அக்கா? இதத் தின்னுங்க” என்றாள். மறதியாம், எனக்கு. கதையை எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்பவளுக்குத் தூக்கம் போகும் என்று பார்த்துப் பார்த்து நிறுத்தியிருந்தேன். கோபம் வந்தது. வடையையும் தின்றேன்.

தீப்பெட்டி ஆபீசில் நாங்கள் கதை கேட்ட விதம் வேறு. வியாழக்கிழமை வாரப்பத்திரிகை வரும். எங்களில் எட்டாவது படித்த ஒருத்தி சோற்று நேரத்தில் தொடர்கதையை உரக்க வாசிப்பாள். கதை நிற்கக்கூடாத இடத்தில் நின்றுபோகும். அப்புறம் அடுத்த வியாழன்வரை எங்கள் கை குச்சி அடுக்கும், வாய் கதையை அடுக்கும். அவன் திரும்பி வருவான் என்று ஒரு கட்சி, வந்தால் செருப்பால் அடிப்பாள் என்று ஒரு கட்சி. வாசிப்பவளின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துத்தான் என் எழுத்தெல்லாம் எனக்குக் கூடிவந்தது. ஒருமுறை மதுரைக்குப் போய்வந்த ஒருத்தி, அங்கே முன்னதாகவே கடைக்கு வந்துவிட்ட பத்திரிகையைப் படித்துவிட்டு, நடந்ததை எங்களிடம் உளறிவிட்டாள். தீபாவளிவரை ஒருத்தியும் அவளுக்குக் குழம்பு ஊற்றவில்லை. முடிவைச் சொல்வது எங்கள் ஊரில் அத்தனை பெரிய பாவம். இங்கே அதற்குக் கைதட்டுகிறார்கள்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை ஸ்டெல்லா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். “அம்மச்சி, அடுத்த கூட்டத்துல தமிழ் அலமாரிய எடுக்கப் போறாவ. சர்க்கார் வேலைக்குள்ள பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிய பிள்ளையளுக்குப் புக்கு வைக்க இடம் இல்லியாம். தமிழ் எடுக்கது நீங்க ஒரு ஆளாக்கும்.”

“எடுத்து எங்க வைப்பாக?”

“ஒடஞ்ச மேசை கசேரெல்லாம் போட்டு வச்சிருக்க ஒரு ரூம் உண்டு. அங்க.”

மகளும் மருமகனும் காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவார்கள். இந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்த ஓர் அலமாரி. அது போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, நான் இன்னது படிக்கிறேன் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. வடை தின்ன மட்டும் போகிற ஆள் நான் இல்லை.

அன்று மத்தியானமே சரோஜினி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். “அக்கா, அவ கதவு தொறந்தாளா?” மூன்று வாரமாகத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்குப் புத்தி வேலை செய்தது.

“சிட்அவுட்ல உக்காந்து கல்யாணத்துக்கு முந்தின நாள்ல இருந்து வாசிக்கேன், வந்து கேளு. ஆனா வெறுங்கையோட வரக்கூடாது. உன் பேருல ஒரு தமிழ்ப் புத்தகம் எடுத்துக் கையோட கொண்டு வரணும்.”

“எனக்குத் தமிழ் வாயிக்கத் தெரியாதே.”

“எடுக்கத் தெரியும்ல?”

அடுத்த வாரம் எங்கள் வாசல் சிட்அவுட்டில் செருப்புப் போட இடமில்லை. அவரவர் கைக்கு வந்த புத்தகத்தோடு வந்துவிட்டார்கள். சரோஜினி கொண்டுவந்தது கோழி வளர்ப்பு. இன்னொருத்தி இருதய நோய் பற்றி ஒன்று. மற்றொருத்தி ஜோசியம். எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு, நான் எழுத்துக் கூட்டுவதைக் காத்திருந்து கேட்டார்கள். நான் ஒரு சொல்லில் தடுக்கி நின்றால் அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று பந்தயம் கட்டினார்கள். கதவு தட்டும் இடம் வந்ததும் தீப்பெட்டி ஆபீஸ் எழும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

“பழைய மாப்பிள்ளதான். வேற ஆரு மாலையோட வருவா?”

“மால வாடிருக்கா, புதுசா? புக்குல சொல்லுதா அக்கா?”

“சொல்லல.”

“புதுசுன்னா அது வாத்தியாராக்கும். பாவம், நாளைக்கு வரைக்கும் பொறுக்காம வந்திருக்காரு.”

“எட்டி, மாப்பிள்ளைக்கு மால கிடைக்க இத்தன வருசமா? நான்னா கதவே தொறக்கமாட்டேன்.”

அந்த நாவலை எழுதிய மனுஷன் லேசுப்பட்டவன் இல்லை. கதவைத் திறக்காமலே அடுத்த அத்தியாயத்தில் கோமதியின் தாய்மாமன் கதைக்குள் போய்விட்டான். சரோஜினி அவனை அன்று ஏசியதை நான் இங்கே எழுத முடியாது.

கூட்டம் வந்தது. செக்ரட்டரி தமிழ் அலமாரியைத் திறந்து காட்டினார். மேல் தட்டு காலி. அவருக்கே புரியவில்லை. லிசி டீச்சருக்கு மட்டும் மூக்கு வேர்த்தது. “தமிழ் வாயிக்கத் தெரியாதவங்கல்லாம் தமிழ் புக் எடுத்திருக்காங்க. எழும்பி கதை சொல்லட்டும். கேப்போம்.” இதை நான் யோசித்திருக்கவில்லை.

சரோஜினி கோழி வளர்ப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு தடுமாற்றமும் இல்லை. “கோமதின்னு ஒரு பெண்ணாக்கும். கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ள மால வாங்கப் போனான்...” கதவு தட்டுவதுவரை சொல்லி உட்கார்ந்தாள். இருதய நோய் எழுந்தாள். “கோமதின்னு ஒரு பெண்ணு உண்டு...” அவளும் கதவில் நிறுத்தினாள். ஜோசியம் எழுந்தபோது செக்ரட்டரி கையை உயர்த்தினார்.

“கோழி புக்குலயும் கோமதி, ஹார்ட்டு புக்குலயும் கோமதியா?”

“தமிழ்ல அப்பிடித்தானாக்கும்” என்றாள் அவருடைய மனைவி.

டீச்சர் எழுந்துவிட்டார். “இது ஒரே ஒரு புக்கு. நான் டிரெயினிங் படிக்கச்ச வாயிச்சது. கதவுக்கு வெளிய நின்னது ஆருன்னா...”

அதற்குள் பெஞ்சுகள் அலறின. ஒருத்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ஒருத்தி வடைத் தட்டை டீச்சரின் வாய்க்கு நேரே நீட்டினாள். “டீச்சரே, மிண்டாதீங்க, ஒண்ணும் பேசாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.” சரோஜினி புருஷன் பக்கம் திரும்பினாள். “டீச்சர் வாயத் தொறந்தா இண்ணைக்கு உங்களுக்குக் கஞ்சி இல்ல. சொல்லிட்டேன்.”

ஆயுசு முழுக்க முடிவு சொல்லியே பழகிய டீச்சர் பாதி வாக்கியத்தோடு உட்கார்ந்தார். செக்ரட்டரி தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்மானம் சொன்னார்: அந்தக் கதை தீரும்வரை அலமாரி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். சொல்லிவிட்டு என் பக்கம் குனிந்து, “கதவு தொறக்க இன்னும் எத்தன பக்கம் உண்டு?” என்று மெதுவாகக் கேட்டார்.

“என் வேகத்துக்கு அடுத்த ஓணம் ஆயிரும்” என்றேன்.

திரும்பும் வழியில் டீச்சரும் நானும் மட்டும். இரண்டு பேருக்கும் ஒரே பாதை. டீச்சரின் பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் அவரும் ஒரு டிவியும்தான். வாய்க்குள் எதையோ போட்டு உருட்டுபவர்போலச் சர்ச் வளைவுவரை நடந்தார். பிறகு நின்றார்.

“வெள்ளத்தாயி, உங்ககிட்ட மட்டும் சொல்லட்டா?”

காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியும். கை எழவில்லை. “சொல்லுங்க” என்றது என் வாய்.

டீச்சர் நடந்துகொண்டே சொன்னார். அத்தனை அழகாக அவர் கதை சொல்லி நான் கேட்டதில்லை. “கோமதி கதவத் தொறந்தா. வெளிய நின்ன ஆளு மாலைய நீட்டிட்டு, நேரம் ஆயிட்டான்னு கேட்டான். அவ விளக்கத் தூக்கி அவன் முகத்தப் பாத்தா. பாத்துட்டு...”

டீச்சரின் வீடு வந்துவிட்டது. அவர் உள்ளே போய்க் கேட்டைச் சாத்தினார்.

“பாத்துட்டு?” என்றேன்.

“முழுவனும் சொன்னா கதை தீர்ந்து போவும். கதை தீர்ந்தா அலமாரி போவும். உங்களுக்கு அது வேண்டாமில்லியா?” கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து டீச்சர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. “போய் எழுத்துக் கூட்டுங்க, பாண்டிக்காரி.”

உள்விளக்கு எரிந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வீட்டில் மூக்குக்கண்ணாடியோடு காத்திருக்கும் புத்தகத்தில் கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கிறது. டீச்சர் வாயில் அது திறந்துவிட்டது. ரப்பர் இலைகளில் மழை இரையத் தொடங்கியது. ஒரு கால் என் வீட்டுப் பாதையில் இருந்தது. கையோ டீச்சரின் கேட்டுக் கொக்கியை விடவில்லை.