ஒன்றாம் வகுப்பின் ஆட்டு மந்தை நடனம்

மேடையில் முப்பது பிள்ளைகள். பதினைந்து பேர் இடையர்கள், பதினைந்து பேர் ஆடுகள். கேசட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, ஒருவரும் அசையவில்லை. மேடை ஓரத்தில் நிற்கும் என்னையே பார்த்துச் சிரித்தபடி அட்டென்ஷனில் நிற்கிறார்கள். நான் பி.டி. டீச்சராகச் சேர்ந்த முதல் வருடத்துக் கிறிஸ்துமஸ் விழா இது. புதிதாக இந்த வேலைக்கு வந்திருப்பவர்கள் தாராளமாகச் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம்.

தொண்ணூறுகளின் நடுவில், மர்பி டவுன் பக்கம் ஒரு சின்ன பிரைமரி ஸ்கூல். அங்கே பண்டிகை ஆட்டபாட்டமெல்லாம் பி.டி. பீரியடின் தலையில்தான் விழும். தசராவுக்குச் சாக்கு ஓட்டம், சங்கராந்திக்குக் கோலாட்டம், கிறிஸ்துமஸுக்கு நடனம். நான் டெம்பரரி. விழா முடிந்த பிறகு என்னைப் பெர்மனென்ட் ஆக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பார்க்கலாம் என ஹெட்மிஸ்ட்ரஸ் லீலா மேடம் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் அப்போது நான் ஒருத்திதான்.

பள்ளிக்கு ஒரே ஒரு டேப் ரெக்கார்டர். அதை மேடம் தன் பீரோவில் பட்டுப்புடவை மாதிரி பூட்டி வைத்திருப்பார். அதனால் ஒரு மாதம் வெறும் விசிலை வைத்தே சொல்லிக்கொடுத்தேன். ஒரு விசில் அடித்தால் ஆடுகள் துள்ள வேண்டும். இரண்டு அடித்தால் இடையர்கள் சுற்றி வர வேண்டும். நீளமாக ஊதினால் எல்லோரும் உட்கார வேண்டும். டிரில் மாதிரி சுத்தமாக வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசி ரிகர்சலுக்குத்தான் டேப் வெளியே வந்தது. பாட்டும் ஓடியது, நானும் ஊதினேன், பிள்ளைகள் பிசகாமல் ஆடினார்கள். மேடத்துக்கும் திருப்தி. கிளம்பும்போது மட்டும் ஒன்று சொன்னார்.

“ஸ்டேஜ்ல விசில் வேணாம் மிஸ். சர்ச்லேருந்து ஃபாதர் வர்றாரு. இதென்ன போலீஸ் கிரவுண்டான்னு கேப்பாரு.”

சரி மேடம் என்றேன். பாட்டுதான் இருக்கிறதே, அதைக் கேட்டு ஆடிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

விழாவில் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். பல்லவி முடிந்து முதல் சரணமும் முடியப்போகிறது. ஆடுகளின் பனியனில் ஒட்டிய பஞ்சு ஒவ்வொன்றாக உதிர்கிறது. முன்வரிசையில் ஃபாதர் கைதட்டத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இருந்த மேடம் பார்த்த பார்வையிலேயே என் வேலை போய்விட்டது தெரிந்தது. அதற்குள் ஓர் இடையனுக்கு உதடு பிதுங்கி அழுகை வந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. போனால் போகட்டும் என்று கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினேன்.

ஆடுகள் துள்ளின. இரண்டு முறை ஊதினேன், இடையர்கள் சுற்றி வந்தார்கள். அழுதவன் கண்ணைத் துடைக்காமலே ஆடினான்.

முடிந்ததும் ஃபாதர் மேடத்தையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். இடையன் விசிலடித்தால்தான் மந்தை நகரும், அதை அப்படியே மேடையில் காட்டிவிட்டீர்களே, யாருடைய யோசனை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் முந்திக்கொண்டார்.

“விசில் இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன் ஃபாதர்.”

நானும் பலமாகத் தலையாட்டினேன். அந்த வாரமே பெர்மனென்ட் ஆர்டர் கைக்கு வந்தது.

ஆனால் அன்று மேடைக்குப் பின்னால் இன்னொன்றும் நடந்தது. ஸ்டெல்லா என்கிற ஆட்டின் மேலிருந்து நான் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அவள் அம்மா வந்து, பாட்டு ரொம்ப நன்றாக இருந்தது என்றார். ஸ்டெல்லா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“மிஸ், பாட்டு போட்டாங்களா?”

சிரித்துவிட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது. குழந்தை அத்தனை நேரமும் என் விசிலுக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். ஒரு மாதம் நான் கற்றுக்கொடுத்தது நடனமே இல்லை, எனக்குக் கீழ்ப்படிவதைத்தான்.

ஆகவே ஆட்டத்துக்கு முன்னால் பாட்டைக் காதில் போடுங்கள். டேப் கிடைக்காவிட்டால் நீங்களே பாடுங்கள். அந்தச் சங்கராந்திக்கு நான் அப்படித்தான் செய்தேன், பிள்ளைகளை உட்காரவைத்து வெறுமனே பாடினேன். என் குரல் சுமார்தான், இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். மூன்றாம் நாள், நான் ஒன்றும் சொல்லாமலேயே ஸ்டெல்லா எழுந்து ஆடினாள்.