பெல்ட் நின்ற பிறகும் கேட்ட சத்தம்

பிரியமானவர்களே, என் வலது முழங்கால் எனக்கு முன்பே கிழடாகிவிட்டது. 2015 தை மாதம். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. நெய்வேலி மைன்ஸில் கரி போகும் பெல்ட் ஓரமாக நடந்து, அதன் அடியில் உருளும் ரோலர்களின் சத்தத்தைக் கேட்பது என் வேலை. கரகரக்கும் ரோலருக்குச் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவேன். பெல்ட் நிறுத்தும் ஷட்டவுன் நாளில் அதை மாற்றுவார்கள். விட்டால் சூடேறித் தீப்பிடிக்கும்.

மூட்டு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசியது. மாற்றத்தான் வேண்டும், ஆனால் எப்போது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். சீக்கிரம் செய்தால் புது மூட்டும் ஒருநாள் தேயுமாம். தள்ளிப்போட்டால் கால் கோணிவிடுமாம். வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவன் நான். அந்த நடை போய்விடுமோ என்று என் மனைவி ஸ்டெல்லாவுக்குத் தெரியாமல் அழுதேன். "ஆண்டவரே, எந்த நாள் என்று நீரே சொல்லும்" என்று தினமும் கெஞ்சினேன். யார் சொன்னாலும் கேட்கிற ஆளில்லை நான்.

ஒருநாள் ரோலர் மாற்றும் ஃபிட்டர் சேகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அண்ணே, நீங்க குறி போட்ட அஞ்சும் நல்லா சுத்துது. குறி இல்லாத ஒண்ணுதான் கருகிக் கெடந்தது. எதக் கேட்டுகினு குறி போடுறீங்க?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த ஷட்டவுன் அன்று காலை, அந்த ரோலர்களை நானே பார்க்கப் போனேன். ஒரே மூடுபனி. பெல்ட் நின்றிருந்தது. கர், கர் என்று சத்தம் கேட்டது. நின்றேன். சத்தமும் நின்றது. நடந்தேன். கூடவே வந்தது. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. குனிந்து முழங்காலில் கை வைத்தேன். இத்தனை நாள் ரோலர் என்று நான் குறி போட்ட சத்தம் அங்கேதான் இருந்தது.

கையை எடுத்தபோது விரலில் வெள்ளை. பேன்ட்டில், சரியாக மூட்டின் மேல், பெருக்கல் குறி. ஸ்டெல்லா காலையில் இஸ்திரி போட்டுக் கொடுத்த பேன்ட். பெல்ட்தான் ஓடவில்லையே என்று அன்று சாக்பீஸ்கூட எடுத்துப் போகவில்லை. சேகர், "நீங்களே போட்டிருப்பீங்கண்ணே" என்கிறான். இருக்கலாம். எனக்கு இன்றுவரை தெரியாது. அங்கேயே மண்டியிட முடியாமல், நின்றபடியே ஸ்தோத்திரம் சொன்னேன்.

மறுமாதமே ஆபரேஷன் செய்துகொண்டேன். அந்த வருஷம் வேளாங்கண்ணிக்குப் பஸ்ஸில் போனேன். அதற்கடுத்த வருஷம் கடைசிக் கொஞ்ச தூரம் நடந்தேன். நடுவழியில் பயந்துகொண்டே, நடந்தபடி காது கொடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை.

நாள் கேட்டு ஜெபிக்கிறவர்களே, நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் நின்றும் பாருங்கள். எனக்கு வந்த பதில் அத்தனை நாளும் என் கூடவேதான் நடந்துகொண்டிருந்தது.