குராஷிகியில் மெதுவாக இருக்க ஒரு திட்டம்

என் கணவர் கத்தாரில் ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் ஷட்டவுன் பிளானர். பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும்போது எந்த வால்வை எப்போது கழற்றுவது, கழற்றுகிறவருக்கு எப்போது டீ என்று கம்ப்யூட்டரில் கட்டம் போடுகிற வேலை. அந்த மனிதரிடம்தான், இந்த வருஷ லீவுக்கு ஜப்பானில் ஒரு சின்ன ஊரில் ஒரு வாரம் மெதுவாக இருந்துவிட்டு வரலாம் என்று சொன்னேன்.

ஊரின் பெயர் குராஷிகி. தோஹாவில் பல் டாக்டரிடம் காத்திருந்தபோது ஒரு பத்திரிகையில் பார்த்தேன். ஒரு கால்வாய், வெள்ளைச் சுவர் வீடுகள். படத்தில் யாரும் எதுவும் செய்துகொண்டிருக்கவில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான்.

கல்யாணமானதிலிருந்து எங்கள் லீவெல்லாம் திருச்சியில்தான். முதல் வாரம் டாக்டர். இரண்டாம் வாரம் கோயில்கள். மூன்றாம் வாரம் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்கும் சொந்தக்காரர்கள். நாலாம் வாரம் எனக்குக் காய்ச்சல். குழந்தை இல்லாத கவலை எங்களைவிட மற்றவர்களுக்கே அதிகம். குராஷிகியில் எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது.

கத்தாரை விட்டு வெளியே போக அப்போதெல்லாம் கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, கையெழுத்துப் போட வேண்டும். அவர்கூட ஏன் ஜப்பான் என்று கேட்காமல் போட்டுக்கொடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை என் கணவர் ஒரு பெரிய தாளைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தார். மெதுவாக நடப்பதற்கு ஒன்பது முதல் பத்தேகால் வரை நீலக் கட்டம். மழை வந்தால் ஒரு மாற்றுத் திட்டம், வராவிட்டால் இன்னொன்று. சும்மா இருப்பதற்கு வியாழக்கிழமை மதியம் நாற்பது நிமிஷம் ஒதுக்கியிருந்தார். ஆலையைப் பிரித்து மாட்டவா போகிறோம் என்று கத்தினேன். அவர் பென்சிலை எடுத்து ஒவ்வொரு கட்டமாக அடித்தார். புதன்கிழமைக் கட்டத்தை மட்டும் தொடவில்லை.

சாப்பிட உட்கார்ந்ததும் அது என்ன என்று கேட்டேன். ரசத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஜப்பான் விஷயத்தை அம்மாவிடம் சொன்னாராம். அந்தப் பக்கத்தில் பிள்ளை வரம் கொடுக்கிற கோயில் ஒன்று இருப்பதாக அம்மா விசாரித்து வைத்திருக்கிறாராம். ரயிலில் போய் வர அரை நாள்தானாம். திருச்சியில் உட்கார்ந்தபடி ஜப்பானில் கோயில் கண்டுபிடித்த என் மாமியாரை நினைத்தால் இன்றைக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அன்றைக்கு அழுகைதான் வந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"புதன்கிழமையை எடுத்துடவா?" என்றார்.

"எனக்கு நீங்க இருக்கீங்க. அது போதும்னு ஒரே ஒரு லீவாவது இருந்துட்டு வரணும்ங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டுத் திருச்சிக்குப் போன் போட்டார். நலம் விசாரித்தார். மழை உண்டா என்று கேட்டார். பிறகு, "புதன்கிழமை கோயிலுக்குப் போக முடியாதும்மா. வேலை இருக்கு" என்றார்.

லீவில் என்ன வேலை என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். இவர் கொஞ்சம் யோசித்தார்.

"அவகூட இருக்கணும்" என்றார்.