அண்ணன் பக்கத்து நியாயம்

இன்று அண்ணனுக்கு ஆண்டுப் பூசை. ஆனாலும் அவர் போன செய்தி இப்போதுதான் காதில் விழுந்ததுபோல் இருக்கிறது.

வடமதுரையில் பிறந்து, சென்னையில் தத்துவம் பயின்று, கல்லூரி விரிவுரையாளரானவர் எங்கள் அண்ணன். வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாம் ஆண்டில் அந்தப் பாடத்தில் இரண்டே மாணவர்கள் சேர்ந்தார்கள். துறையை மூடிவிட்டார்கள். ஆங்கிலம் எடுக்கச் சொன்னதற்கு மறுத்துவிட்டு, திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் கடிதம் எழுதும் வேலைக்கு வந்தார். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அதோடு விட்டாரா? வாரந்தோறும் அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போய், டீக்கடைப் பெஞ்சில் வியாபாரிகளோடு தத்துவம் பேசினார். ஆட்டுக்கு வலிப்பது நமக்கு எப்படித் தெரியும் என்பதுபோன்ற கேள்விகள். அங்கே ஒரே சட்டம்தான். எதிராளியின் பக்கத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி சொன்ன பிறகுதான் தன் பக்கத்தைப் பேசலாம். பள்ளி ஆசிரியையான எனக்கு மானம் போயிற்று.

கடைசியாக வீட்டுக்கு வந்தபோது அதற்காகச் சண்டை பிடித்தேன்.

“ஏத்தா, எம்பக்கத்த ஒரு தடவ நீயே சொல்லிப் பாரு. அப்புறம் எம்புட்டு வேணாலும் திட்டு” என்றார்.

“எனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு” என்று கிளம்பிவிட்டேன்.

அந்த வாரமே சந்தையில் பேசிக்கொண்டிருந்தவர் பெஞ்சிலேயே சாய்ந்தார். நோய் நொடி என்று ஒருநாள் படுத்தவரல்லர். லாரியில் கொண்டுவந்து இறக்கியபோது எனக்கு அழுகைகூட வரவில்லை. உடன்வந்த ஆட்டுத் தரகர் ராவுத்தரைப் பார்த்து, “நீங்கதான் எங்க அண்ணனக் கெடுத்தீங்க!” என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை.

“செத்த பொறுங்க டீச்சரம்மா. மொத உங்க பக்கத்தச் சொல்லிடுறேன். அம்புட்டுப் படிச்ச மனுசன். பெரிய சபையில பேச வேண்டியவரு. அவர ஆட்டுப் புழுக்கைக்கு நடுவுல உக்கார வச்சு நாங்க வீணாக்கிட்டோம். பெத்தவ மனசு நொந்துச்சு. சரியாச் சொல்லிட்டேனா?”

திடுக்கிட்டுப் போனேன். என் மனக்குறையை நானே அவ்வளவு நியாயமாகச் சொன்னதில்லை. தலையாட்டினேன்.

“இப்ப எம்பக்கத்தச் சொல்லவா?” என்றவர், சொல்ல முடியாமல் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

கல்லூரியில் மூடிய துறை அய்யலூரில் திறந்தேதான் இருந்திருக்கிறது. இப்போதும் சந்தை நாளில் அந்தப் பெஞ்சில் கூடுகிறார்கள்.

அண்ணனை மடியில் தாங்கிய ராவுத்தருக்கும், லாரி தந்த வியாபாரிகளுக்கும், அடக்கத்தை நடத்தித் தந்த பங்குச் சாமியாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்று பாக்கி இருக்கிறது. கேள்வி கேட்க நாலு பேர் கூடுகிற இடமெல்லாம் வகுப்புதான், அங்கே போகாமலிருப்பதுதான் படித்தவனுக்குக் கேவலம். இதுதான் அவர் பக்கம்.

சரியாகச் சொல்லிவிட்டேனா அண்ணே?