உள்ளங்காலுக்கு ஒரு பிரஷ்

பெயர்ப்பலகையில் பிசியோதெரபி என்று கௌரவமாக எழுதியிருந்தாலும், எங்கள் தொழில் காலைப் பிடிக்கிற தொழில்தான். நீங்களும் யார் காலையாவது பிடித்துப் பிழைக்கிறவர் என்றால் என் கஷ்டம் புரியும். ஒரே வித்தியாசம், நான் பிடித்தவை நிஜக் கால்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்குக் கொடுத்திருந்தது சாமான் அறைக்குப் பக்கத்து அறை. ஒரு கட்டில், பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு கம்பிகள், பெயிண்ட் கடையில் நானே வாங்கிய ஓர் அங்குல பிரஷ். பாதத்தின் தோலை வருடினால் காலின் தசை விழித்துக்கொள்ளும் என்று படித்திருந்தேன். நிரூபிக்க ஒரு கால் தேவைப்பட்டது.

கூச்சம்

பிள்ளையார்பாளையத்து நெசவாளி முனுசாமியின் கால் வந்து சேர்ந்தது. நாற்பது வயது. மூளையில் ரத்தக்குழாய் அடைத்து வலது கால் மட்டும் விழுந்துவிட்டது. குழித்தறியில் கால் இல்லாமல் வேலை இல்லை. குழிக்குள் இருக்கும் மிதிகட்டையை மிதித்தால்தான் மேலே இழைகள் பிரியும், நடுவில் ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடும். ஆவணிக் கல்யாணங்களுக்குச் சேலை வேண்டும், ஆடி முடிவதற்குள் உட்காராவிட்டால் தறியில் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். ஆறு வாரம் இருந்தது. "நான் உட்கார வைக்கிறேன்" என்று யாரையும் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

"காலை இழுங்க" என்றேன். அசையவில்லை. குனிந்து பிரஷ்ஷால் பாதத்தைத் தொட்டேனோ இல்லையோ, கால் இரண்டு அங்குலம் உள்ளே போனது! நான் சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன். அவருக்கோ முகமெல்லாம் சங்கடம்.

"நீங்க போயி எங் கால தொடலாமாம்மா? எங்க வூட்டுப் பொண்ணாட்டம் இருக்கறீங்க, பாவம் சுத்திக்கும்மா."

தவளை

பெரிய டாக்டர் நம்பவில்லை. தோலைத் தொட்டால் முதுகுத்தண்டே பதில் சொல்லிவிடும், மூளை வேண்டியதில்லை, தலையில்லாத தவளைகூடக் காலை இழுக்கும் என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வார்டு ஆள் கோபாலைக் கூப்பிட்டு, அதே பிரஷ்ஷால் அதே இடத்தில் வருடச் சொன்னேன். கட்டைவிரல் லேசாகத் துடித்தது, அவ்வளவுதான். பிறகு நான் தொட்டேன். கால் உள்ளே போனது.

தசையை இயக்கும் நரம்பணு முதுகுத்தண்டில் இருக்கிறது. மேலேயிருந்து மூளையின் உத்தரவும் கீழேயிருந்து பாதத்துத் தோலின் சேதியும் அதற்கு வந்து சேரும். முனுசாமிக்கு அந்த உத்தரவு ஈனக்குரலில் வந்துகொண்டிருந்தது. அது மட்டும் போதவில்லை, தோலின் சேதி மட்டும் போதவில்லை. நின்றுபோன பஸ்ஸைத் தள்ளுவது போல இரண்டும் சேர்ந்தால்தான் நகர்ந்தது. பெண்பிள்ளை தொடுகிறாளே என்று காலை இழுக்க நினைத்தது அவர் மூளைதானே? இத்தனையையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ, தவளைக்குக் கூச்சம் கிடையாதுன்னு கேஸ் ஷீட்ல எழுதிடுங்க."

மேலா, கீழா?

அதற்குப் பிறகு தினமும் வருடல்தான். பாதத்தின் குழிவில் பிரஷ்ஷை ஓட்டிக்கொண்டே "இழுங்க, இன்னும் இழுங்க" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் முழங்காலை நன்றாக மடக்கித் தூக்கினார். அறையிலிருந்த எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தேன். முனுசாமி காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரை ஓரமாக வைத்தார்.

"எல்லாம் சரிதாம்மா. ஆனா எனுக்கு கால மேல தூக்கற வேல இல்லியே, கீழ மிதிக்கற வேலதானே?"

தேங்காய் நார்

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எந்த இடத்துத் தோலை வருடுகிறோமோ அதற்கேற்பத்தான் தசை கேட்கும். குழிவில் வருடினால் கால் மடங்கும். மிதிப்பதற்குக் குதிகாலில் வருட வேண்டும். ஆறு வாரத்தில் பாதி போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு வேளை மட்டும் வருடினால் போதாது என்று அவர் மனைவி செல்லம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்து, பிரஷ்ஷையும் கொடுத்தனுப்பினேன்.

நாலாம் நாள் செல்லம்மா வெறுங்கையோடு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலுக்குப் பச்சை பெயிண்ட் அடிக்க வாங்கிப் போய், பிரஷ் விறைத்துவிட்டதாம். வேறு வழியில்லாமல் தேங்காய் நாரால் குதிகாலைத் தேய்த்திருக்கிறார். இதைச் சொல்லும்போதே அவருக்குக் கண்ணில் நீர் வழிந்தது. என்ன ஆயிற்றோ என்று எனக்குப் பதற்றம்.

"எட்டி ஒதச்சிட்டாரும்மா! தோள்ல பட்டு நான் அழுதுக்கினு இருக்கறேன், வலிக்குதாடீன்னு கேக்கறாரு. வலிக்கா அழுவறேன்? ஒதச்சாரேன்னு அழுவறேன்!"

குழிக்குள்

ஆடி கடைசி வாரம் முதலாளியின் தறிக்கூடத்துக்கே போனேன். முதலாளி வந்திருந்தார்; பக்கத்தில் புது ஆள் தயாராக நின்றான். வலது காலில் உணர்ச்சி மந்தம், ஏதாவது குத்தினால் சட்டென்று தெரியாது என்று டாக்டர் கொடுத்திருந்த கேன்வாஸ் ஷூவோடு முனுசாமி குழியில் இறங்கினார். மிதித்தார். கால் வழுக்கியது. மறுபடியும் மிதித்தார். கால் ஒரே நேரத்தில் இரண்டு கட்டைகள் மேல் ஏறியது, இழை பிரியவில்லை. முதலாளி புது ஆள் பக்கம் திரும்பி, "நீ எறங்குப்பா" என்றார். செல்லம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் அந்த ஷூ என் கண்ணில் பட்டது. ஆறு வாரமாகத் தோல், தோல் என்று கத்திவிட்டு, அந்தத் தோலை டாக்டர் ரப்பரைப் போட்டு மூடியபோது பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்! "ஒரு நிமிஷம்" என்று குழியின் ஓரத்தில் மண்டியிட்டு, கயிற்றை அவிழ்த்து ஷூவை உருவினேன். வெறும் பாதம் கட்டையைத் தேடியது, தொட்டது, அழுத்தியது. இழை பிரிந்தது. நாடா ஓடியது. எண்ணிக்கொண்டே இருந்தேன், பத்துக்கு மேல் எண்ண முடியாமல் அழுதுவிட்டேன். முதலாளி புது ஆளைப் போகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, அந்த ஷூவ கழட்டறதுக்கா ஆறு வாரம் ஆச்சி?"

மேலே எவ்வளவு பெரிய மூளை உட்கார்ந்து உத்தரவு போட்டாலும், கீழே இருப்பவன் சேதி வராமல் எந்த வேலையும் நகராது என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டதற்கு ஒரு சான்றிதழ் உண்டு, பார்த்துத் தெரிந்துகொண்டதற்கு முதலாளியிடம் வாங்கிய அந்த ஒரு கேள்விதான் உண்டு.